புதுக் கம்ப்யூட்டர் ஆமை போல நகருவது ஏன்?

பாகத்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை!

கம்ப்யூட்டர் புதிது. பெட்டி புதிது. உள்ளே இருக்கும் பாகங்கள் அத்தனையும் புதிது. ஆனால் வேகம்?

பொத்தானை அழுத்திவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு படத்தைத் திறந்தால் அரை நிமிடம். ஒரு கடிதம் அடித்தால், எழுத்து ஒவ்வொன்றாக நொண்டி நொண்டி வருகிறது.

"60 ஆயிரம் ரூபாய் கொட்டிக் கொடுத்தேனே!" என்று அப்பா தலையில் கை வைக்கிறார்.

"ராம் சரியில்லை. வேறு வாங்குங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"பிராசசரே மட்டம்" என்கிறான் அண்ணனின் நண்பன்.

"கடைக்காரன் நன்றாக ஏமாற்றிவிட்டான்" என்கிறார் மாமா.

படிப்புக்காக வாங்கித் தரச் சொன்ன மகள், வாய் திறக்காமல் நிற்கிறாள்.

சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் பாகம் பாகமாக வாங்கி, வீட்டிலேயே கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்கிறவர்கள் பலர். அந்த வீடுகளில் இந்தப் பேச்சு கேட்காமல் இருக்காது.

உண்மையில் பல நேரம் நடப்பது என்ன?

பாகம் நல்ல பாகம்தான். அதை மாட்டிய இடம் தவறு. அல்லது அதற்குக் கொடுத்த உத்தரவு தவறு. அதைச் சரிசெய்யக் காலணா செலவில்லை. ஆகவே, பணப்பையைத் திறக்கும் முன்பு கோளாறு எங்கே என்று தேடுங்கள்.

கல்யாண சமையல்

கம்ப்யூட்டர் வேலை செய்யும் விதத்தை அறிய, ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

தலைமைச் சமையல்காரர்தான் பிராசசர். எல்லா வேலையும் அவர் கையால்தான் நடக்கும்.

அவர் முன்னால் இருக்கும் மேடை, ராம். அப்போதைக்கு வேண்டிய காய்கறி, பருப்பு, மசாலா எல்லாம் அதன் மேல் இருக்கும். மேடை பெரிதாக இருந்தால் கை தாராளமாக ஓடும்.

பின்னால் இருக்கும் உக்கிராண அறை, டிஸ்க். மூட்டை மூட்டையாக எல்லாச் சாமானும் அங்கேதான் இருக்கும். வேண்டும்போது எடுத்து வரவேண்டும்.

சமைத்ததை இலைக்குக் கொண்டுவருகிறவர், கிராபிக்ஸ் கார்டு. இலைதான் நீங்கள் பார்க்கும் திரை.

பந்தி தாமதமாகிறது. உடனே சமையல்காரரை விரட்டிவிடுவீர்களா? மாட்டீர்கள். உக்கிராண அறையில் ஆள் இல்லையா? மேடையில் இடம் இல்லையா? பரிமாறுகிறவர் வழி தெரியாமல் நிற்கிறாரா? இதைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.

கம்ப்யூட்டருக்கும் அதே நியாயம்தான்.

யார் தாமதம்?

இதைக் காட்டிக்கொடுக்க விண்டோசிலேயே ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். அவர் பெயர் டாஸ்க் மேனேஜர்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய 3 பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துங்கள். அவர் வந்து நிற்பார். அதில் "பெர்பார்மன்ஸ்" என்ற பக்கத்தைத் திறங்கள். பிராசசர், ராம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று தெரியும்.

கம்ப்யூட்டர் திணறும்போது அதைப் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், உக்கிராண அறையில் நெரிசல். ராம் 90 சதவீதத்தைத் தாண்டினால், மேடையில் இடம் இல்லை. பிராசசர் 100-ல் நின்றால், ஏதோ ஒரு நிரல் அதைப் பிழிகிறது. எல்லாம் குறைவாக இருந்தும் வேகம் இல்லையா? அப்படியானால் கேபிள், டிரைவர், சூடு இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

முதல் நாள் அமர்க்களம்

விண்டோஸ் போட்ட முதல் நாளே வேகத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

அன்று கம்ப்யூட்டருக்கு வேலை அதிகம். புதிய திருத்தங்களை இணையத்திலிருந்து இறக்கும். கோப்புகளுக்கு அட்டவணை போடும். வைரஸ் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் சோதிக்கும். இத்தனையும் நீங்கள் பார்க்காத இடத்தில் நடக்கும்.

ஆகவே, இணையத் தொடர்போடு சில மணி நேரம் சும்மா ஓடவிடுங்கள். கேட்கும்போது மறுபடி இயக்குங்கள். மறுநாளும் அதே நிலை என்றால், மேலே படியுங்கள்.

விண்டோஸ் எந்த அறையில்?

1956-ம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் சுழன்றன. அத்தனை பெரிய எந்திரத்தில் அடங்கியது எவ்வளவு தெரியுமா? 50 லட்சம் எழுத்துகள்தான். இன்றைக்கு கைப்பேசியில் எடுக்கும் 2 படம்கூட அதற்குள் அடங்குவது கஷ்டம்.

இப்போதுள்ள ஹார்டு டிஸ்க் கையடக்கமானது. ஆனால் உள்ளே வேலை அதே மாதிரிதான். தட்டு சுழல வேண்டும். அதன் மேல் ஒரு சிறு கை நகர வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழன்றாலும், இடம் விட்டு இடம் தாவித் தேடும்போது ஒரு விநாடியில் சுமார் 100 இடங்களுக்குத்தான் அந்தக் கை போய்வர முடியும்.

எஸ்.எஸ்.டி. என்பது வேறு ரகம். அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை. எல்லாம் சில்லுகள். ஒரு விநாடியில் பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவரும். விண்டோசுக்கு வேண்டியதும் இதுதான். ஏனென்றால் விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்கிறது.

இங்கேதான் ஒரு தவறு நடக்கிறது. வேகத்துக்கு எஸ்.எஸ்.டி.யும், படம், பாட்டு சேமிக்க ஹார்டு டிஸ்க்கும் வாங்கி, இரண்டையும் மாட்டுகிறார்கள். விண்டோஸ் போடும்போது பட்டியலில் இரண்டும் தெரியும். பெரிய எண்ணைப் பார்த்து அதையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது ஹார்டு டிஸ்க்! விலை கொடுத்து வாங்கிய எஸ்.எஸ்.டி. காலியாகக் கிடக்கிறது.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பக்கத்தைப் பாருங்கள். "சிஸ்டம் டிஸ்க்: எஸ்" என்று எதன் கீழ் எழுதியிருக்கிறதோ, அதில்தான் விண்டோஸ் இருக்கிறது. அது எச்.டி.டி. என்று இருந்தால், விண்டோசை எஸ்.எஸ்.டி.யில் மறுபடி போடுங்கள். அப்போது ஹார்டு டிஸ்க் கேபிளைக் கழற்றி வைத்தால் குழப்பமே வராது.

எஸ்.எஸ்.டி.யை வழிய வழிய நிரப்பவும் கூடாது. 10-ல் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். நிரம்பிய எஸ்.எஸ்.டி. வேகம் குறையும்.

தூங்கும் ராம்

ராம் வாங்கும்போது அட்டையில் "3200" என்று போட்டிருக்கும். அதே வேகத்தில்தான் ஓடுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல கம்ப்யூட்டர்களில் அப்படி இல்லை!

டி.டி.ஆர்.4 வகை ராமைப் புதிதாக மாட்டியதும், போர்டு அதைப் பத்திரமான வேகத்தில் ஓட்டுகிறது. அது 2133-ஆக இருக்கலாம். 2400 அல்லது 2666-ஆகவும் இருக்கலாம். டி.டி.ஆர்.5 வகையில் 6000 என்று விற்கும் ராம், 4800-ல் ஓடிக்கொண்டிருக்கும். அட்டையில் உள்ள வேகம் வேண்டுமானால், நீங்கள்தான் உத்தரவு போட வேண்டும்.

எப்படி?

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலிட் அல்லது எப்.2 பொத்தானைத் தட்டினால் "பயாஸ்" என்ற பக்கம் வரும். அதில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்று ஒரு வரி இருக்கும். அதை இயக்கி, சேமித்து வெளியே வாருங்கள். அவ்வளவுதான்.

ஒருவேளை அதன்பிறகு கம்ப்யூட்டர் தடுமாறினால் பழையபடி நிறுத்திவிடுங்கள். வேகத்தைவிட நிதானம் முக்கியம்.

ராம் ஒன்றா, இரண்டா என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். 16 ஜி.பி. ஒரே ராமாக இருப்பதைவிட, 8 ஜி.பி.யாக இரண்டு இருப்பது நல்லது. சாமான் வர ஒரு வாசலுக்குப் பதில் இரண்டு வாசல் கிடைக்கிறது.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், பல போர்டுகளில் ஒரே வாசல்தான் திறக்கும். 4 இடம் உள்ள போர்டுகளில், பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2-வது, 4-வது இடங்களில் மாட்டும்படிதான் பெரும்பாலும் இருக்கும். போர்டுடன் வந்த சிறு புத்தகத்தில் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்து மாட்டுங்கள்.

வழி தவறிய கேபிள்

மகன் ஆசையாக விளையாட்டைத் திறக்கிறான். படம் தத்தித் தத்தி வருகிறது. 25 ஆயிரம் ரூபாய் கிராபிக்ஸ் கார்டு என்ன செய்கிறது?

சும்மா இருக்கிறது!

பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். மேலே, போர்டில் ஒரு எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும். கீழே, கிராபிக்ஸ் கார்டிலும் அதே மாதிரித் துளை இருக்கும். மானிட்டர் கேபிள் மேலே உள்ளதில் செருகப்பட்டிருந்தால், பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ்தான் பெரும்பாலும் படம் காட்டும். கேபிளைக் கீழே உள்ள துளைக்கு மாற்றுங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மின்சாரக் கேபிள் உண்டா என்றும் பாருங்கள். அது மாட்டப்பட்டிருக்கும் துளையிலிருந்து 75 வாட் மின்சாரம்தான் எடுக்க முடியும். பெரிய கார்டுகளுக்கு அது போதாது. பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் போக வேண்டும். கார்டையும் பிராசசருக்கு அருகில் உள்ள நீளமான துளையில்தான் மாட்ட வேண்டும். கீழே உள்ள துளைகள் பல போர்டுகளில் வேகம் குறைந்தவை.

மானிட்டரும் ஒரு விஷயம். விநாடிக்கு 144 முறை படம் மாற்றும் மானிட்டரை வாங்கியிருப்பீர்கள். விண்டோஸ் அதை 60-ல் ஓட்டிக்கொண்டிருக்கும். செட்டிங்சில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று வரிசையாகப் போனால் மாற்றிவிடலாம். மாற்றியவுடன் சுட்டி நகருவதிலேயே வித்தியாசம் தெரியும்.

டிரைவர் இல்லாத வண்டி

ஒவ்வொரு பாகத்தையும் ஓட்ட ஒரு நிரல் வேண்டும். அதற்குப் பெயரே டிரைவர். டிரைவர் இல்லாவிட்டால் கார் நிற்கும். கம்ப்யூட்டர் நிற்காது. ஆனால் தள்ளுவண்டி போல உருளும்.

"டிவைஸ் மேனேஜர்" என்ற பக்கத்தைத் திறங்கள். "டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்" என்பதன் கீழ் உங்கள் கிராபிக்ஸ் கார்டின் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பதில் "மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால், சரியான டிரைவர் இன்னும் ஏறவில்லை என்று பொருள்.

வேறு எங்காவது மஞ்சள் முக்கோணம் தெரிந்தாலும் அதே கதைதான். கார்டு செய்த கம்பெனி, போர்டு செய்த கம்பெனி ஆகியவற்றின் சொந்த இணையப் பக்கத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். கண்ட இடத்தில் கிடைப்பதைப் போடாதீர்கள். டிரைவரோடு வேண்டாத வைரசும் வந்து சேரும்.

உரிக்காத தாள்

பிராசசர் வேலை செய்தால் சூடாகும். அதன் தலைமேல் கூலர் உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது.

புதுக் கூலர் சிலவற்றின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அவசரத்தில் அதை உரிக்காமல் மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. தாள் நடுவில் நின்றால் சூடு கூலருக்கு ஏறாது. கூலரின் 4 திருகுகளில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் இதே கதிதான்.

அப்போது பிராசசர் என்ன செய்யும்? எரிந்துபோகாமல் இருக்க, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புகைபோக்கி அடைத்த சமையலறையில் சமையல்காரர் அடிக்கடி வெளியே ஓடிவருவது போல!

இதற்கு அடையாளம் உண்டு. போட்டுக் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு திணறும். டாஸ்க் மேனேஜரில் பிராசசரின் அடிப்படை வேகம் எழுதியிருக்கும். கடுமையான வேலை நடக்கும்போது, இப்போதைய வேகம் அதற்கும் கீழே இறங்கினால், சூட்டைச் சந்தேகியுங்கள்.

பயாசிலேயே சூட்டின் அளவு தெரியும். ஒரு வேலையும் இல்லாதபோதே 70, 80 டிகிரி காட்டினால் கூலரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். தாள் இருந்தால் உரியுங்கள். பழைய பசையைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசை வையுங்கள். திருகுகளைக் குறுக்கு நெடுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். விசிறியின் வயர் "சி.பி.யு. பேன்" என்று எழுதிய இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அழையாத விருந்தாளிகள்

இலவசம் என்று இறக்கிய நிரல்கள் பல, கம்ப்யூட்டரைப் போட்டவுடனேயே தாமாக ஓடத் தொடங்கிவிடும். அழைக்காமலே பந்தியில் உட்காரும் விருந்தாளிகள் இவை.

டாஸ்க் மேனேஜரில் "ஸ்டார்ட்அப்" பக்கத்தில் இவற்றின் பட்டியல் இருக்கும். தெரிந்து, தேவையில்லை என்று உறுதியானதை நிறுத்துங்கள். இன்னது என்று தெரியாததைத் தொடாதீர்கள்.

வைரஸ் தடுக்கும் நிரல் இரண்டு இருந்தால், ஒன்றை நீக்குங்கள். ஒரே வாசலில் இரண்டு காவல்காரர் நின்று, வருகிறவரை இருவரும் சோதனை போட்டால் தாமதம் ஆகாதா?

பூச்சி பிடித்த கதை

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் "மார்க் 2" என்ற பெரிய கம்ப்யூட்டர் தகராறு செய்தது. எந்திரத்தை வைத்திருந்தவர்கள் அதை மாற்றச் சொல்லவில்லை. பகுதி பகுதியாகத் தேடினார்கள். கடைசியில் ஒரு ரிலேக்குள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது!

அதை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். எந்திரக் கோளாறுக்குப் "பூச்சி" என்று பெயர் சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே என்ஜினீயர்களிடம் இருந்தது. அன்று நிஜப் பூச்சியே கிடைத்தது.

அவர்கள் செய்ததுதான் சரியான முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் தாளில் எழுதுங்கள். வேகம் கூடியதா என்று பாருங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால், எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போகும். பதறாத காரியம் சிதறாது.

எப்போது செலவு செய்யலாம்?

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் போதாமல் இருக்கலாம்.

2021-ம் ஆண்டு வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம் இருந்தாலே போதும் என்று மைக்ரோசாப்ட் விதித்தது. அது வாசலில் நுழைய மட்டும்தான். உட்கார்ந்து சாப்பிட 8 ஜி.பி. வேண்டும். என்ஜினீயரிங் படிப்பவருக்கு 16 ஜி.பி. நல்லது. அந்தச் செலவில் தவறில்லை.

பாகமே பழுதாக இருக்கவும் கூடும். ஹார்டு டிஸ்க்கில் "டக் டக்" என்று சத்தம் வருவது, எஸ்.எஸ்.டி. திடீரென்று காணாமல் போவது, நீலத்திரை அடிக்கடி வருவது, விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் அணைந்துபோவது ஆகியவை இதற்கு அடையாளங்கள். ராமைச் சோதிக்க "விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்" என்ற நிரல் விண்டோசிலேயே இருக்கிறது. எக்ஸ்.எம்.பி.யை நிறுத்திவிட்டு அதை ஓட்டுங்கள். அப்போதும் தவறு காட்டினால் ராமைச் சந்தேகிக்கலாம்.

அப்போது பில்லுடன் கடைக்குப் போங்கள். "ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் கடைக்காரருக்குப் புரியாது. சோதித்தது என்ன, கண்டது என்ன என்று எழுதிய தாளைக் காட்டுங்கள். உத்தரவாதக் காலம் முடியும் வரை அட்டைப்பெட்டியை எறியாதீர்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

இந்தப் பட்டியலை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

1. ஒரு நாள் பொறுத்திருந்து திருத்தங்களை முடிக்கவிடுங்கள்.

2. டாஸ்க் மேனேஜரில் எது 100-ல் நிற்கிறது என்று பாருங்கள்.

3. விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா?

5. டிரைவர்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா?

6. ராம் சரியான இடத்தில், சரியான வேகத்தில் ஓடுகிறதா?

7. சூடு அளவோடு இருக்கிறதா?

8. வேண்டாத நிரல்களை நிறுத்துங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். விளையாட்டல்ல. உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்புப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது.

இந்த 8 வேலைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இவற்றில் எதற்கும் புதுப் பாகம் தேவையில்லை. எட்டையும் பார்த்து முடித்த பிறகும் கோளாறு நின்றால், எந்தப் பாகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.